பேகனின் போர்வை, முள்ளெலியின் சருகு

மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தவன் பேகன். கடையெழு வள்ளல்கள் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். கொடுத்த பிறகு அந்த மயில் போர்வையை வைத்து என்ன செய்தது என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. கணக்குப் பார்க்காமல் கொடுப்பதை நம் மரபு ‘கொடைமடம்’ என்கிறது. மடமைதான், ஆனால் அழகான மடமை என்று பொருள். எனக்கும் அந்த அழகு பிடிக்கும். இருந்தாலும் மயிலின் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. அதற்கு இறகு இருக்கிறது. போர்வை தேவைப்பட்டது பேகனின் மனசுக்கு.

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் பேகன் ஞாபகம் வந்துவிடுகிறது. காரணம் முள்ளெலி. முள்ளம்பன்றி என்று நினைத்துவிட வேண்டாம். இது இரண்டு கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பிராணி. நம் தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களிலும் இதன் உறவுக்கார இனம் ஒன்று உண்டு. ஆனால் அதற்குத் தூங்கிக் கழிக்க வேண்டிய பனிக்காலம் கிடையாது. ஐரோப்பிய முள்ளெலிக்கு உண்டு. வண்டும் புழுவும் மறைந்துவிடும் மாதங்களை அது உடம்பை ஏறக்குறைய அணைத்துவைத்துக் கடக்கிறது. 35 டிகிரியை ஒட்டியிருக்கும் உடல் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு 190 முறை துடிக்கும் இதயம் 20 முறைக்கு வந்துவிடுகிறது. ஏப்ரல்வரை அதன் கையிருப்பு இலையுதிர்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பு மட்டும்தான்.

அதனால் இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பரில் ஒரு பதற்றம் வந்துவிடும். ஒரு நவம்பர் மத்தியானம், எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி புல்வெளியில் தள்ளாடிக்கொண்டிருந்த குட்டி ஒன்றைப் பிடித்துச் சமையல் தராசில் வைத்தார். 340 கிராம். இரவுப் பிராணி பகலில் நடமாடினாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அதோடு, குளிர்காலம் தாண்ட இளம் முள்ளெலிக்கு நவம்பர் நடுவில் 500 கிராமாவது வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு.

நான் நிரல் எழுதுகிறவன். எல்லைக்கோடு என்றாலே சந்தேகம் வரும். “அப்போ 490 இருந்தா?” என்று கேட்டேன்.

“தராசு மட்டும் முடிவு பண்ணாது. நேரா நடக்குதா, தொட்டா சுருளுதா, உடம்புல ஈ முட்டை வெச்சிருக்கா, எல்லாம் பாக்கணும். நல்லா இருக்கறதைத் தூக்கிட்டு வந்தா அது உதவி இல்லைங்க, திருட்டு.”

சட்டமும் கிட்டத்தட்ட அவர் சொன்னதையே சொல்கிறது. முள்ளெலி ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். காயம்பட்ட, நோயுற்ற, ஆதரவற்ற விலங்கை மட்டுமே எடுத்துப் பராமரிக்கலாம். தானாகப் பிழைக்கும் நிலை வந்ததும் விட்டுவிட வேண்டும். அன்புக்குக் காலக்கெடு வைத்திருக்கும் சட்டம் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காட்டு உயிருக்கு நாம் ஏன் உதவ வேண்டும்? தாமதமாகப் பிறந்த குட்டிகளில் பல முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. மனிதன் இல்லாத காலத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும். இயற்கையை அதன் போக்கில் விடு என்பார் ஒருவர். துன்பம் யாருடையதானாலும் துன்பம்தானே, எல்லாவற்றையும் காப்பாற்று என்பார் இன்னொருவர். சரி, அந்த முள்ளெலி இரவில் தின்னும் வண்டை யார் காப்பாற்றுவது?

இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நாம் இப்போதுதான் வெளியிலிருந்து வந்து, தலையிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இல்லை. வேலி போட்டது நாம். ஆண் முள்ளெலி இரை தேடியும் துணை தேடியும் ஒரே இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும். அந்த நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். பூச்சிமருந்து தெளித்து அதன் சாப்பாட்டைக் குறைத்தோம். இரவில் ரோபோ புல்வெட்டியை ஓடவிடுகிறோம். ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது, சுருண்டுகொள்ளும். பல எதிரிகளிடம் பலிக்கும் இந்தத் தந்திரம், சுழலும் கத்தியிடம் பலிப்பதில்லை. 2024-இல் இந்த இனம் ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்ற சர்வதேசப் பட்டியலுக்கு நகர்ந்தது. இதை இயற்கையின் போக்கு என்று சொல்ல முடியுமா?

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள், திருப்பித் தர வேண்டியது என்றும் பொருள். முள்ளெலி விஷயத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பது என் கட்சி. தட்டில் உணவு வைப்பது தருமம். மனசு இருந்தால் செய்யலாம். வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் ஓட்டை விடுவதும், இரவில் இயந்திரத்தை நிறுத்துவதும் கடன். எடுத்ததைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். தருமத்தில் நாம் வள்ளல். கடனில் நமக்கு அந்தப் பட்டம் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, தருமம் சுலபமாக நடக்கிறது, கடன் நிலுவையில் நிற்கிறது.

வெறும் கருணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் சவுத் யூஸ்ட் தீவு சாட்சி. தோட்டத்து நத்தைகளைத் தின்னட்டும் என்று 1974-இல் சில முள்ளெலிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடு கட்டும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்தன. 2003-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே முள்ளெலிகளைக் கொல்லத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியது, தன்னார்வலர்கள் பிடித்து பிரிட்டனின் பெருநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். 2007-இல் கொல்வது நின்று, இடம் மாற்றுவதே வழி என்றானது. தோட்டத்தின் மீது கருணை, முள்ளெலி மீது கருணை, பறவை மீது கருணை. எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாளில் யாராவது ‘இந்த மண்ணில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தால் இத்தனை கருணை தேவைப்பட்டிருக்காது.

பேகனுக்கு இன்னொரு பக்கம் உண்டு. பாடப்புத்தகத்தில் பெரிதாகப் பேச மாட்டார்கள். அவன் மனைவி கண்ணகியைத் தள்ளிவைத்தான். பரணரும் கபிலரும் வேறு சில புலவர்களும், பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று அவனிடம் கேட்ட பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. மயிலுக்குத் தருமம் செய்தவன் வீட்டில் கடன் பாக்கி. கடைக்காரர் வைத்திருக்கும் முள்ளெலிக்கான மரவீட்டை வாங்கி வந்து, அதே தோட்டத்தில் ஒரு சருகு விடாமல் ஊதித் தள்ளும் வீடுகளைப் பார்க்கும்போது அந்தப் புலவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பாசத்தோடு கிண்ணத்தில் பால் வைப்பவர்களும் உண்டு. பாலை முள்ளெலியால் செரிக்க முடியாது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தண்ணீர் போதும்.

முள்ளெலியின் போர்வை சருகு. தானே கவ்விக்கொண்டு வந்து, அடுக்கி, உள்ளே புகுந்து கொள்ளும். நம்மிடம் அது எதிர்பார்ப்பது, மூலையில் கொஞ்சம் சருகையும் சுள்ளியையும் அள்ளாமல் விடுவது. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை முறைவைத்துச் சுத்தம் செய்வோம். “அந்த மூலையை மட்டும் தொடாதீங்க” என்று பாட்டி சொன்னபோது முதலில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சுத்தமும் ஓர் ஒழுக்கம்தானே. ஒன்றும் செய்யாமல் இருப்பதை உதவி என்று ஒத்துக்கொள்வது, செய்துகாட்டியே சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம்.

அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. குவியலைக் கிளறிப் பார்க்கக் கூடாது. தூக்கம் கலைந்தால் உடம்பை மறுபடி சூடாக்க அது சேமித்த கொழுப்பை எரிக்க வேண்டும். நம் ஆர்வத்துக்கான செலவு அதன் கணக்கில் போகும். ஆகவே உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று டிசம்பரில் தெரியாது, பிப்ரவரியிலும் தெரியாது. ஏப்ரலில் குவியல் கொஞ்சம் சரிந்திருக்கலாம். முள்ளெலி சரித்ததா, காற்று சரித்ததா, சொல்ல முடியாது. ரசீது கிடைக்காத கடன் இது. கட்டத்தான் வேண்டும்.