யாருடைய வலி?

அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் பேசுவது சுலபமல்ல. அந்த நேரத்தில் அழுகை ஒன்றுதான் உண்மையாகத் தோன்றும். மற்றதெல்லாம் வெறும் வாதம் என்று மனம் ஒதுக்கிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் திருக்கோவிலூரில் ஒரு குழந்தை வைத்தியரின் வீட்டு முன்கூடத்தில் காத்திருந்தேன். நான்கு வயதுப் பெண்ணுக்கு ஃப்ளூ ஜுரத் தடுப்பு மருந்து போட வந்திருந்த ஓர் இளைஞர், கதவருகே நின்று டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"லண்டனில் எங்க அண்ணன் பிள்ளைக்கு மூக்கிலே பீய்ச்சினாங்களாம் டாக்டர். ஊசியே இல்லையாம். பாப்பாவுக்கும் அந்த மாதிரி ஏதாவது கொடுக்க முடியாதா? இவள் அழுதால் என்னாலே பார்க்க முடியாது."

'இவளால் தாங்க முடியாது' என்று அவர் சொல்லவில்லை. 'என்னால் பார்க்க முடியாது' என்றார். உண்மையான மனிதர்! நம்மில் பலருக்கு அந்த உண்மையைச் சொல்லிக்கொள்ளும் துணிவு கூட இருப்பதில்லை. குழந்தைக்காகத் தேடுவதாக நினைத்துக்கொண்டு நம் மனவேதனைக்கு மருந்து தேடுகிறோம்.

அது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்ற மனம் அப்படித்தான் இருக்கும். ஆனால் வலிக்காதது எதுவோ அதுவே நல்லது என்று அந்த மனம் அடுத்த படிக்குத் தாவும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூக்கில் தெளிக்கும் மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமி. மூக்கின் குளிர்ச்சியில் அது வளரும். நுரையீரலின் சூட்டில் வளராது. ஊசியில் இருப்பது உயிரற்ற கிருமியின் கூறு. அதை ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம். தெளிப்பு மருந்தோ இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்கும், நோயை எதிர்க்கும் சக்தி குன்றியவர்களுக்கும், மூச்சு இழுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற இந்த மருந்தை, பலன் போதவில்லை என்று 2016-இல் அங்குள்ள நிபுணர் குழுவே வேண்டாம் என்றது. 2018-இல் மறுபடியும் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 2013 முதல் குழந்தைகளுக்கு அதைத்தான் கொடுத்து வருகிறார்கள். பன்றிக் காய்ச்சல் பரவிய சமயத்தில், 2010-இல், நம் நாட்டிலேயே புனே நகரத்தில் அத்தகைய மருந்து ஒன்றைத் தயாரித்தார்கள். ஆக, எது எந்தக் குழந்தைக்குப் பொருந்தும் என்பது வைத்தியரின் அறிவுக்கு உரிய விஷயம். அழுகையை வைத்து அதை அளக்க முடியாது.

இதை நமக்கு நன்றாகக் கற்பித்தது இளம்பிள்ளைவாதம். இரண்டு சொட்டு மருந்தை நாக்கில் விட்டால் குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டு சிரிக்கும். அதைவிட மென்மையான வைத்தியம் உண்டா? அந்தச் சொட்டில் இன்னொரு புண்ணியமும் இருந்தது. குடித்த குழந்தையின் குடலில் வளர்ந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பரவி, தெருவுக்கே காவலாக நின்றது. ஆனால் பல லட்சத்தில் ஒரு குழந்தைக்கு, எந்த முடக்கத்தைத் தடுக்க வந்ததோ அந்த முடக்கத்தையே அது கொடுத்துவிட்டது. ஊசியில் அந்த ஆபத்து இல்லை. ஊசி வலிக்கும். அதன் காவலும் பெரும்பாலும் போட்டுக்கொண்ட குழந்தையோடு நின்றுவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் பல ஆண்டுகள் ஊசிக்காக வாதாடினார். சர்க்கார் சொட்டு மருந்தையே நம்பி வீடு வீடாகப் போயிற்று. 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு சிறுமிக்கு வந்ததோடு இந்தியாவில் அந்தக் காட்டு வைரஸின் கதை முடிந்தது. 2014-இல் நாடு நற்சான்று பெற்றது. அதன் பிறகு 2015-இன் இறுதியில் சொட்டு மருந்துக்குத் துணையாக ஊசியும் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சிரித்துக்கொண்டே விழுங்கியதில் ஓர் அபூர்வமான ஆபத்து ஒளிந்திருந்தது. அலறிக்கொண்டு ஏற்றதில் அது இல்லை. வலி வேறு, தீங்கு வேறு. கண்ணுக்குத் தெரிகிற சிறு வலியைப் பெரிதென்று எண்ணுவதும், கண்ணுக்குத் தெரியாத தீங்கை இல்லையென்று எண்ணுவதும் பாசத்தின் பழைய பலவீனங்கள். இதோடு, என் குழந்தையைக் காக்கும் மருந்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் காவலாகுமா என்ற கேள்வியையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

திருக்கோவிலூர், மலையமான்கள் ஆண்ட ஊர். அந்த மலையமானின் மக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடத் துணிந்தபோது, கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடிக் காத்ததைப் புறநானூறு சொல்கிறது. அந்தப் பாட்டில் என்னை உலுக்குவது புலவரின் பார்வை. கொல்ல வந்த யானையைக் கண்டதும் அந்தச் சிறுவர்கள் அழுகையை நிறுத்திவிடுகிறார்கள். முன்பின் கண்டிராத அந்த மன்றத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள்! எது ஆபத்து என்று குழந்தைக்குத் தெரியாது. பழக்கமில்லாத இடமும் முகமும் கையும்தான் அதற்குப் பயம்.

ஊசி போடும் அறையிலும் அதுதானே நடக்கிறது? முள் குத்துகிற அளவு வலிக்கு முன்னால், அம்மாவின் முகம் மாறுவதையும், அப்பாவின் பிடி இறுகுவதையும் குழந்தை பார்த்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சோறு உண்ண மறுத்த நாளெல்லாம், "டாக்டர்கிட்டே சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று நாமே மிரட்டி வைத்திருக்கிறோம். அறைக்குள் நுழைந்ததும் "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று ஒரு பொய் வேறு. ஊசியின் வலி இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறது. நம்பினவர் ஏமாற்றிய வலி அவ்வளவு விரைவில் போவதில்லை.

மூக்கா, தோளா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். வலியில்லாத வழியும் குழந்தைக்குப் பொருந்துமென்று அவர் சொன்னால், மகிழ்ச்சியோடு அதையே கேட்டு வாங்கலாம். வீண் வலியில் பெருமை ஒன்றும் இல்லை. ஊசிதான் என்றால், நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வலிக்கும். சீக்கிரம் போய்விடும். நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்கலாம்.