மூலைக் கதிர்கள்



தை பிறந்துவிட்டது. புரட்டாசியில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம் வேப்பூர், மங்களூர் பக்கமெல்லாம் காய்ந்து நிற்கிறது. கிழக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியில் வீராணம் தண்ணீரில் விளைந்த சம்பாவும் அறுப்புக்கு வந்துவிட்டது. வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்தில் திருவிழா நடப்பதும் இந்தத் தையில்தான்.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு நம் காடுகளில் குருத்தைத் தின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குத் தப்பிக் கதிர் பிடித்த பயிரைச் சீக்கிரம் வீடு சேர்க்க அறுவடை மிஷினைக் கூப்பிடுகிறீர்கள். அதில் குற்றமே இல்லை. ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். கதிரைப் பறித்து, மணி உதிர்த்து, டிராக்டரில் கொட்டிவிட்டு மிஷின் அடுத்த காட்டுக்குப் போய்விடுகிறது.

முன்பு கதிர் ஒடிக்க வந்த பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களில் கணவனை இழந்தவர்கள் உண்டு. அந்தக் கூலியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவர்களை நினைத்தே விவிலியத்தில் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் வயலின் ஓரம்வரை அறுக்கக் கூடாது என்கிறது. அந்த ஓரம் ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது. மோவாபிலிருந்து வந்த கைம்பெண் ரூத்து பெத்லகேமில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்தச் சட்டத்தால்தான். அந்த வயலின் சொந்தக்காரர் போவாசு அதற்கும் மேலே போனார். அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரர்களிடம் சொன்னார். அவள் யாரிடமும் கையேந்தவில்லை. குனிந்து உழைத்து எடுத்துக்கொண்டாள். எனக்கு ரூத்து நூலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மிஷினுக்கு உருவிப் போடத் தெரியாது. ஆனால் வயல் மூலையில் அதனால் முழுதாகத் திரும்பவும் முடியாது. அங்கே நிற்கும் கதிரை ஆள் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மூலைகளை இந்த ஆண்டு உங்கள் காட்டில் வேலை செய்த பெண்களுக்கே விட்டுவிடுங்கள். சிந்திய கதிரையும் அவர்களே பொறுக்கட்டும். ஆடு மாடுகளை அதன் பிறகு ஓட்டலாம். மிஷினுக்கு முன்பணம் கொடுத்திருப்பவர்கள் அது வரும் நாளை அந்தப் பெண்களின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் மறந்தாலும், அம்மாமார்களே, நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.