மைனர் பங்குதாரர்

கைக்குழந்தையோடு ஊருக்குக் கிளம்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்தக் கணக்கு புரியும். எனக்கு இரண்டு சட்டை, ஒரு லுங்கி. மனைவிக்கு மூன்று புடவை. ஐந்து கிலோ எடையுள்ள எங்கள் மகனுக்கு இரண்டு சூட்கேஸ், ஒரு கூடை, ரப்பர் ஷீட், தூளி கட்ட ஒரு பழைய புடவை, கூடவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதில் இருந்தது ஓர் எக்கோ ரிப்போர்ட். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை. ‘பயப்படாதீங்க, இந்த மாதிரிச் சின்ன ஓட்டை பெரும்பாலும் தானாவே மூடிக்கும்’ என்றார் டாக்டர். இதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டு பயப்படாதே என்றால் யார் கேட்பார்கள்? ராத்திரி குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி தூங்குவது போல் இருப்பாள். அவளும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இது 2014 ஜனவரி. தென்காசிப் பக்கம் கிராமத்தில் எண்பத்தெட்டு வயதில் என் ஆச்சி. அப்பாவைப் பெற்றவள். சித்தப்பா வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவார்.

“ஏல, ஆச்சி கண்ண மூடுறதுக்குள்ள கொள்ளுப்பேரனக் கொண்டாந்து காட்டிருல. அதுக்கு வேற என்ன ஆச இருக்கு?”

டாக்டரைக் கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றார். 14-வது வாரத் தடுப்பூசியைப் போட்டுவிட்டுப் போங்கள். இருமுகிறவர்கள், சளி பிடித்தவர்கள் யாரும் தூக்க வேண்டாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பாதியில் களைத்து விட்டுவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அங்கே எந்த ஆஸ்பத்திரி என்று இங்கிருந்தே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

நான் சித்தப்பாவுக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் தெரியுமா? “டாக்டர் கூடாதுன்னுட்டார் சித்தப்பா.”

ஏன் பொய் சொன்னேன்? அப்போது கேட்டிருந்தால், குழந்தைக்காக என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பேன். இப்போது யோசித்தால் பட்டியல் வேறு மாதிரி வருகிறது. பன்னிரண்டு மணி நேர ரயில் பயணம். ஊரில் புழக்கடைக் குளியலறை. வாசலுக்கு வந்து நின்று ‘என்ன புள்ள இப்படி இளைச்சிருக்கு’ என்று கேட்கப்போகும் நாற்பது சொந்தங்கள். போன மாதம்தான் அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய், ஏ.சி. ஹாலில் முந்நூறு பேருக்கு நடுவில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தோம். அங்கே ஓட்டை ஞாபகம் வரவில்லை. ஊர் என்றதும் வந்துவிட்டது. வியாதி நிஜம், அதை நான் காட்டிய காரணம் நிஜமில்லை.

ஆனால் பொய்க்கு அடியில் ஓர் உண்மையான கேள்வியும் கிடந்தது. அதை உங்களிடம் கேட்கிறேன். ஒரு பெரியவரின் சந்தோஷத்துக்காக, ஒரு குழந்தையின் தலையில் சிறிய ஆபத்தை ஏற்றலாமா?

நான் பி.காம். படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, ஒன்று மறக்கவில்லை. 1932-ம் வருஷத்து பார்ட்னர்ஷிப் சட்டத்தில் 30-வது பிரிவு. மைனரை முழுப் பங்குதாரர் ஆக்க முடியாது. எல்லாப் பங்குதாரர்களும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கம்பெனி மூழ்கினால் அவன் பங்கு போகும். அதற்கு மேல் அவனை நேரடியாகப் பிடித்துக் கடனைக் கட்டு என்று யாரும் கேட்க முடியாது. எவ்வளவு கருணையுள்ள சட்டம் பாருங்கள்!

எங்கள் விஷயத்தில் அது தலைகீழ். லாபம் ஆச்சிக்கு, சித்தப்பாவுக்கு, ‘ஊருக்குப் போய் வந்துட்டோம்’ என்கிற நல்ல பேர் எனக்கு. நஷ்டம் வந்தால் முழுக்க மைனருக்கு. நாலு மாசக் குழந்தைக்கு பூட்டியைப் பார்த்தது ஞாபகம்கூட இருக்காது.

அப்படியானால் எங்கேயும் கூட்டிப் போகக் கூடாதா? அதுவும் இல்லை. 1890-ம் வருஷத்து கார்டியன்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. மைனரின் சொத்தை கார்டியன் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. துளி ஆபத்தும் கூடாது என்று அந்தச் சட்டம்கூடச் சொல்லவில்லை. துளி ஆபத்தும் கூடாதென்றால் தடுப்பூசி போட ஆட்டோவில்கூட ஏற முடியாதே.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். “நாங்கள்லாம் எட்டுப் பெத்து, காட்டுலயும் மேட்டுலயும் போட்டு வளக்கலையா?” வளர்த்தார்கள். ஆனால் வளர்ந்தவர்களை மட்டும்தான் கணக்கில் காட்டுவார்கள். 1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. இடையில் வந்த தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் ‘பயந்தாங்கொள்ளித்தனம்’ என்று கேலி செய்யப்பட்டவைதான். சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் டாக்டரை இழுத்தேன்.

பொய் சொல்லி ஒரு வாரம் ஆகியும் உறுத்தல் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஆச்சிகிட்ட போனைக் குடுங்க” என்றேன். அதுவரை நடந்த அத்தனை பேச்சும் எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில்தான். ஆச்சிக்கு என்ன ஆசை என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

“என்னய்யா, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையாமே?”

சொன்னேன், ஓட்டை உட்பட. எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“டாக்டரு வரலாம்னு சொன்னா வா. எனக்காவ வராத. எனக்கு ரெண்டு போயிருக்கு, எனக்குத் தெரியாதா?” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதோட எனக்கு ஒரு மாசமா இருமல். ஒங்க சித்தப்பன் சொல்லியிருக்க மாட்டான். இருமல் இருக்கையில பச்சப்புள்ளயத் தூக்கக் கூடாது பாத்துக்க.”

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. நான் ஒரு பக்கம் பொய் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா ஒரு பக்கம் உண்மையை மறைத்திருக்கிறார். இரண்டு பேருமே அன்பின் பெயரால், யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்காமல். குழந்தையைக் கேட்க முடியாது, சரி. எண்பத்தெட்டு வயதுக்காரியையும் ஏன் அதே வரிசையில் உட்காரவைத்தோம்? நம் வீடுகளில் கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் சேர்த்து நாமேதான் முடிவெடுக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? ஆபத்து அவளுக்கும்தான். குழந்தையின் சாதாரண ஜலதோஷம் அந்த வயதில் நிமோனியா ஆகலாம். 2020-ல் கொரோனா வந்து அதை எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்தது. 2014-ல் எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்புறம் காரியங்கள் சீக்கிரம் நடந்தன. ஆச்சியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சளிப் பரிசோதனை செய்தார்கள். டி.பி. இல்லை. இருமல் நிற்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் எங்கள் ஊசியும் முடிந்தது. பிப்ரவரி கடைசியில் பொதிகை எக்ஸ்பிரஸ். லோயர் பெர்த்தில் மனைவியும் குழந்தையும். கீழே நியூஸ் பேப்பர் விரித்து, குழந்தை உருண்டால் பிடிக்க நான். விருதுநகரில் ஒரு தடவை, ராஜபாளையத்தில் ஒரு தடவை செல்போன் வெளிச்சத்தில் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வியர்வை இல்லை. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி எத்தனை தூரம், ராத்திரியில் கார் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் சட்டைப் பையில் ஒரு சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டை எழுதிய பிறகுதான் பயம் பாதி குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். இருமல் நின்ற பிறகும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். “தூக்குங்க ஆச்சி” என்று என் மனைவியே சொன்னாள். தூக்கவில்லை. கையை வேட்டியில் துடைப்பது போல் சேலையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, குழந்தையின் உள்ளங்காலை மட்டும் தொட்டாள். சித்தப்பாவுக்கு ஏமாற்றம். போட்டோவுக்காக அவர் பக்கத்து வீட்டில் கேமரா வாங்கி வைத்திருந்தார்.

ஓட்டை இரண்டு வயதில் மூடிக்கொண்டது. ஆச்சி 2017 வரை இருந்தாள். பையன் இப்போது ரயிலில் முழு டிக்கெட் எடுக்கிற வயது. பூட்டியை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால், போட்டோவில் முந்தானைக்குப் பின்னால் இருக்கிற பாட்டிதானே என்கிறான்.

முதலில் மறுத்த டாக்டர், தான் போனில் கொடுத்த நெருக்கடியில்தான் மனசு மாறினார் என்று சித்தப்பா இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பத்திரிகையை அவர் வாராவாரம் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை போன் வரும்.