தாங்குவதும் நிற்பதும்

அடி தாங்குகிறவனை இந்தச் சமூகம் எப்போதும் பாராட்டியே வந்திருக்கிறது. அடிக்கிறவனுக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. தாங்குவது பெருங்குணம் என்று ஆகிவிட்டால், அடித்ததைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். அடித்தவனே ஆசான் ஆகிவிடலாம்.

நம் பிள்ளைகளுக்கு இன்று திரும்பின பக்கமெல்லாம் மன உறுதி போதிக்கப்படுகிறது. உளி படாத கல் சிலையாகாது. புடம் போடாத பொன் மின்னாது. கஷ்டப்பட்டவனுக்குத்தான் உரம் ஏறும். பள்ளிக்கூட மேடை, வேலைத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு, தன்னம்பிக்கைப் புத்தகம், கோயில் உபன்யாசம் என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. ஜீயபுரம் பக்கம் நாங்கள் நடத்துகிற மாலை வகுப்புக்கும் ஒருவர் வந்து இப்படிப் பேசினார். நல்ல மனுசன்தான். பேசி முடித்ததும் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து, "எல்லாஞ் சரிங்க சார், உளி யாரு கையில இருக்கு?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நாம் அப்படிப் போய்விட முடியாது. உறுதி, விடாமுயற்சி, கட்டுப்பாடு என்கிற இந்தச் சொற்களில் எது நம்முடையது, எது நம்மேல் சுமத்தப்பட்டது? இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏதாவது அளவுகோல் உண்டா?

ஜீயபுரம் காவிரியின் தென்கரை. வாழையும் நெல்லும் விளைகிற பூமி. ஊர்ப்பெயரிலேயே ஜீயர் இருக்கிறார். பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஆற்றைக் கடந்து இங்கே மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பேரனைக் காணாமல் அழுத ஒரு கிழவிக்காக, பேரன் வடிவத்தில் வந்து அவள் கையால் சோறு தின்றார் என்பது இங்கே சொல்லப்படுகிற கதை. ஆக, இக்கரைக்கு வர பெருமாளுக்கு வழி தெரியும். இதே தென்கரையில், கிழக்கே உறையூரில் இருந்த ஒருவருக்குத்தான் அக்கரைக்குப் போக வழியில்லாமல் இருந்தது. திருப்பாணாழ்வாரைச் சொல்கிறேன்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பாணர் குலத்தில் வளர்ந்தவர். அரங்கத்து மண்ணை மிதிக்கக் கூடாது என்று தென்கரையில் நின்றபடியே தினமும் யாழ் மீட்டிப் பாடுவார். பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகிப் போகச் சொன்னார். பாட்டில் மெய்மறந்து நின்றவருக்குக் காதில் விழவில்லை. முனிவர் கல்லை விட்டெறிந்தார். ரத்தம் வந்தது. பாணர் பதறி விலகினார். கோயிலில் பெருமாள் நெற்றியிலும் ரத்தம். பிறகு பெருமாள் கட்டளைப்படி முனிவரே பாணரைத் தோளில் சுமந்து போனார். முனிவாகனன் என்று பெயர் வந்தது. உள்ளே போனவர் 'அமலனாதிபிரான்' என்ற பத்துப் பாசுரம் பாடிப் பெருமாளோடு கலந்துவிட்டார்.

இந்தக் கதையில் மூன்று பேர் இருக்கிறார்கள். கல் பட்டவர், கல் விட்டவர், பார்த்துக்கொண்டிருந்த பெருமாள். இதில் கல் பட்டவருக்கு மட்டும்தான் பயிற்சி வைக்கப்பட்டிருக்கிறது. அவர் தினம் வந்து நிற்க வேண்டும், எல்லையைத் தாண்டாமல் நிற்க வேண்டும், வருகிறவர் போகிறவருக்கு வழிவிட வேண்டும், ரத்தம் வந்தால்கூடத் தன் தப்பு என்று நினைக்க வேண்டும். கல்லெடுத்த கைக்கு ஒரு பயிற்சியும் கிடையாது. பெருமாளின் ஒரு கட்டளை போதும், அவர் புனிதராகிவிடுகிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே போன பாணர் வெளியே வரவில்லை. வந்திருந்தால் எந்த வழியாக நடந்து உறையூர் போயிருப்பார், மறுநாள் எந்தக் கரையில் நின்றிருப்பார் என்ற கேள்விகள் எழுந்திருக்கும். கதை அவரைக் கரைத்து அந்தக் கேள்விகளையும் கரைத்துவிட்டது. நந்தனைத் தீயில் இறக்கியது போல.

2018 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஓர் அர்ச்சகர் இந்தக் கதையை நினைவுபடுத்தி, ஒரு தலித் இளைஞரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரங்கநாதர் கோயிலுக்குள் போனார். பத்திரிகைகள் படம் போட்டன. அவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனாலும் நடக்கத் தெரிந்தவனை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. வழியை விட்டால் போதாதா?

இப்படிச் சொன்னால் நம் தோழர்கள் சிலர் உடனே அடுத்த முனைக்குப் போய்விடுகிறார்கள். "ஒழுங்கு, கட்டுப்பாடு, விடாமுயற்சி எல்லாமே பார்ப்பனியச் சொல்லாடல், நமக்குக் கலகம் மட்டுமே பண்பாடு" என்று 1990களில் நம்மில் பலர் பேசினோம், எழுதினோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வேலைநிறுத்தத்தை நாலு நாள் தாண்டி நடத்திப் பார்த்தவருக்குத் தெரியும், கலகத்துக்குத்தான் அதிகக் கட்டுப்பாடு தேவை. பணிந்து போகிறவனுக்கு மேஸ்திரி போடுகிற ஒழுங்கு இருக்கிறது. எதிர்த்து நிற்கிறவன் தன் ஒழுங்கைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மகாட் நமக்கு அதைத்தான் காட்டுகிறது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்ததாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் நம்மவர் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் அம்பேத்கரோடு ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அடுத்துக் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் மேல்சாதியினர் தாக்கினார்கள். மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மகர்கள் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரியாதவர்கள் அல்ல. அம்பேத்கர் தடுத்தார். கட்டுப்பட்டார்கள். டிசம்பரில் மறுபடி கூடினார்கள். 25ஆம் தேதி மனுஸ்மிருதியை எரித்தார்கள். குளத்துக்குப் போவதை நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்திருந்தது. சிறைக்குப் போகத் தயார் என்று ஆயிரக்கணக்கானோர் நின்றபோது, வழக்கை முடித்துக்கொண்டு வருவோம் என்று முடிவானது. அப்புறம் பத்து வருஷம் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பாணரும் திருப்பி அடிக்கவில்லை, மகாட்டிலும் திருப்பி அடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பொறுமை. பாணரின் பொறுமைக்கு அடுத்த படி கிடையாது. அது கரையிலேயே நின்று, கரையிலேயே முடிந்திருக்கும். மகாட்டின் பொறுமைக்கு அடுத்த நாள் ஒரு வேலை இருந்தது, அடுத்த வருஷம் ஒரு வேலை இருந்தது. அடியை வாங்கிக்கொண்டு கோரிக்கையைக் கீழே போடாமல் வைத்திருந்தார்கள். தாங்குவதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதோடு முடிந்துவிட்டால் நாமும் விடாமுயற்சி போதிக்கிறவர்கள் ஆகிவிடுவோம். அதனால் நாசிக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930 மார்ச் 2 அன்று தொடங்கியது. ஆண், பெண் என்று திரளாக வந்தார்கள். கதவு அடைக்கப்பட்டது, கல் வந்தது, சிறை வந்தது. தாதாசாகேப் கெய்க்வாட் போன்றவர்கள் வருஷக்கணக்கில் அதை நடத்தினார்கள். 1934இல் அம்பேத்கர் கெய்க்வாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோயிலுக்குள் போவது தன் குறிக்கோளாக இருந்ததில்லை, மக்களுக்குத் தங்கள் நிலையை உணர்த்த அது ஒரு வழியாக இருந்தது, அந்த வேலை முடிந்தது, இனி கல்வியிலும் அரசியலிலும் பலத்தைச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1935 அக்டோபர் 13 அன்று யேவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். தன்னம்பிக்கைப் புத்தகத்தின் கணக்குப்படி பார்த்தால் இது தோல்வி. பாதியில் விட்ட வேலை. நம் கணக்கில் இது மகாட்டுக்குச் சமமான உறுதி. அடைத்த கதவின் முன்னால் காலமெல்லாம் நின்றுகொண்டிருந்தால் கதவைச் சாத்தினவனுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று புரிந்துகொண்டு திரும்பி நடப்பதற்கும் தெம்பு வேண்டும். அப்படித் திரும்பி நடந்தவர்கள் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூர் போய்ச் சேர்ந்தார்கள். இருபத்தோரு வருஷ நடை.

ஆகவே யாராவது உறுதியோடு இரு என்று நமக்குச் சொல்ல வந்தால் மூன்று கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். இந்தச் சோதனையை வைத்தது யார்? இதைத் தாங்கினால் விளைச்சல் யார் வீட்டுக்குப் போகிறது? போதும் என்று இறக்கி வைக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். இறக்கி வைக்க முடியாத சுமையைச் சுமப்பதற்கு மன உறுதி என்று பேரில்லை. அதற்குப் பேர் அடிமை வேலை.

நான் படித்த காலத்து அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு விடுதி ஒன்றில் இருந்தோம். சோறு வேகாது, குழம்பில் தண்ணி, பாதி நாள் அளவு குறையும். கேட்டதற்கு அங்கே பொறுப்பில் இருந்தவர், "வீட்டுல மட்டும் என்ன கறிசோறா திங்கிறீங்க? பழகிக்கங்க, அப்பத்தான் வாழ்க்கையில உறுதி வரும்" என்றார். முதல் வருஷம் பழகிக்கொண்டோம். எங்களுக்கு அது புதுசும் இல்லை. இரண்டாம் வருஷம் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டோம். தினமும் முறை வைத்து, என்ன சமைத்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேருக்குச் சோறு இல்லாமல் போனது என்று தேதி போட்டு எழுத வேண்டும். பரீட்சை நாளிலும் எழுத வேண்டும். தலைவலி, கோபம், வீட்டிலிருந்து கடிதம் என்று எந்தச் சாக்கும் கிடையாது. நாலு மாசக் கணக்கோடு மேலதிகாரியைப் போய்ப் பார்த்தோம். எல்லாம் மாறிவிடவில்லை, அளவு மட்டும் ஒழுங்காக வந்தது. பட்டினி கிடக்க எங்களுக்கு ஒரு துணிச்சலும் தேவைப்படவில்லை, அது தாய்ப்பாலோடு வந்தது. தினம் ராத்திரி அந்த நோட்டை எடுத்து எழுதத்தான் மனசைக் கட்ட வேண்டியிருந்தது.

நமக்குள்ளேயும் ஒரு விசாரணை தேவைப்படுகிறது. அம்பேத்கரின் உறுதியைச் சொல்லாத கூட்டம் நம்மிடம் இல்லை. உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் லண்டனிலிருந்து திரும்ப வேண்டி வந்தது, பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டது, 1920இல் மறுபடி லண்டன் போனது, 1923இல் முனைவர் பட்டம் பெற்றது எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த வருஷங்களில் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை இழுத்து, பெற்ற ஐந்தில் நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்து, 1935 மே மாதம் செத்துப்போன ரமாபாயை எத்தனை கூட்டத்தில் சொல்கிறோம்? சேரியில் எந்த வீட்டிலாவது ஒரு பையன் விடாமுயற்சியோடு படித்து மேலே வந்தான் என்றால், அந்த வீட்டில் ஒரு பொம்பளை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் முதுகொடிந்திருப்பாள், ஒரு அக்கா படிப்பை நிறுத்தியிருப்பாள். "எங்கம்மா எதையும் தாங்குவா" என்று மேடையில் நெகிழ்ந்து பேசுகிற தோழர்களே, லோகசாரங்கர் கையிலிருந்த கல்லின் ஒரு சில்லு நம் கையிலும் இருக்கிறது.

கடைசியாகச் சாவுகளைப் பற்றி. 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்து, நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன அரியலூர் மாவட்டத்து அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது, மன உறுதி போதவில்லை என்று பேசியவர்கள் உண்டு. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தபோதும் இதே பேச்சு. மூட்டை தூக்குகிற அப்பனுக்குப் பிறந்து, தையல் வேலை செய்கிற தாயால் வளர்க்கப்பட்டு அந்த உயரம் போன பிள்ளைகளிடம் எதற்கு உறுதி போதவில்லை? டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுவதைத் தோரட் குழு 2007லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. கல் வருகிற திசை தெரிந்த பிறகும் நெற்றியைக் கெட்டிப்படுத்தச் சொல்வது வைத்தியம் ஆகாது.

ஆனால் நாம் சாவை எதிர்ப்பின் உச்சமாகப் பாடுவதையும் நிறுத்த வேண்டும். அது நமக்கு ஒரு ஆளைக் குறைக்கிறது, அவர்களுக்கு ஒரு நாள் அனுதாபம் காட்ட வாய்ப்புத் தருகிறது. இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு என்னிடம் இருப்பது சின்ன யோசனைதான். தனியாக உறுதியாக இருக்காதீர்கள். விடுதியில், வகுப்பில், ஊரில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் உட்காருங்கள், மழை பெய்தாலும் உட்காருங்கள். அவமானப்பட்டதை அன்றைக்கே தேதி போட்டு எழுதுங்கள், இன்னொருத்தருக்குக் காட்டுங்கள். ஒருத்தருக்கு முடியாமல் போனால் மற்றவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். முடியவில்லை என்று சொன்னவரை யாரும் கேவலமாகப் பார்க்க வேண்டாம். ஒரு படிப்போ ஒரு இடமோ உங்களைக் கொல்லப் பார்த்தால் அதை விட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்து உயிரோடு இருந்து, என்ன நடந்தது என்று ஊர் அறியச் சொல்லுங்கள். அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கத்தான் நமக்கு உறுதி தேவைப்படும்.