சார்ந்ததன் வண்ணமும் பழைய விளையாட்டின் உடலும்

உயிரும் உடலும் வேறு வேறு என்று கொள்ளும் தத்துவ மரபுகள், உயிர் உடலிலிருந்து எதைப் பெறுகிறது, உடலை நீங்கும்போது எதை விட்டுச் செல்கிறது என்ற வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். பழைய மின்னணு விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் செவ்வனே ஓடச்செய்யும் பணியிலும் இதே வினா எழுகிறது. அவை பிறந்த இயந்திரங்கள் பெரும்பாலும் பழுதாகி மறைந்துவிட, சில்லுகளில் பதிந்திருந்த நிரல் மட்டும் படியெடுக்கப்பட்டு எஞ்சியிருக்கிறது. நிரலே உயிர், இயந்திரம் வெறும் கூடு, ஆகவே நிரல் கிடைத்தால் விளையாட்டும் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு பிழையானது.

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்குத் தக்க சான்று. காசு போட்டு ஆடும் இவ்விளையாட்டில், வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளாக நிற்கும் 55 அயல்கோள் உயிரிகள் பக்கவாட்டில் நகர்ந்தபடியே கீழிறங்க, ஆடுபவர் அவற்றை அடியிலிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். இதை இயக்கிய இன்டெல் 8080 செயலியின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆகவே திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகையில், ஒவ்வொரு முறையும் ஓர் உயிரியை மட்டுமே நிரல் நகர்த்துகிறது. 55 உயிரிகளும் இருக்கையில் படை முழுவதும் ஓரடி பெயர ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அவை வீழ வீழ, எஞ்சியவற்றின் முறை விரைந்து சுற்றிவருவதால் வேகம் கூடுகிறது. கடைசியாக மிஞ்சும் ஒன்று வெறிகொண்டதுபோல் பாய்கிறது. இயந்திரத்தின் இயலாமையில் விளைந்த இந்த வேகத்தை நிஷிகாடோ குறையென்று களையாமல் விட்டுவைத்தார்; ஆட்டத்தின் பதற்றமே அதிலிருந்துதான் பிறக்கிறது.

மெய்கண்டாரின் 'சிவஞான போதம்' 13ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தம், உயிரின் இயல்பைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று குறிக்கிறது. அதாவது, எதனோடு சேர்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்பது உயிர். பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைத் தன் நிறம்போல் காட்டும் படிகம் இதற்கு உவமை. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் இவ்வுவமையைக் கண்ணாலேயே காண முடிந்தது. அவற்றின் திரை கறுப்பு வெள்ளை. அடிப்பகுதியில் பச்சையும் மேற்பகுதியில் சிவப்புமாக வண்ணத்தாள் பட்டைகளை ஒட்டியே நிறம் கொடுத்தார்கள். நிரலுக்கு நிறமென்று ஒன்று இருப்பதே தெரியாது. 8 கிலோபைட் அளவேயான அதை எத்துணைப் பிழையறப் படியெடுத்தாலும் அந்தப் பச்சை அதில் அகப்படாது.

நிரலை உயிரென்பது உவமையளவே. சித்தாந்தம் கூறும் உயிர் அறிவுடையது, எவராலும் படைக்கப்படாதது. ஆனால் உவமை தவறும் இடமே இங்கு அதிகம் கற்பிக்கிறது. நிறம் நீங்கினாலும் படிகம் படிகமே என்பது போல, வண்ணத்தாள் இல்லாமலும் இவ்விளையாட்டை ஆடலாம். வேகம் கூடிவரும் அந்த முறை நீங்கினாலோ, எஞ்சுவது வேறொரு விளையாட்டு. இரண்டும் இயந்திரத்தைச் சார்ந்து வந்தவையே எனினும், ஒன்று அணியாகவும் மற்றொன்று உயிர்ப்பாகவும் அமைந்துவிட்டன. எனவே, இன்றியமையாததையும் ஒட்டிவந்ததையும் பிரிக்கும் கோட்டை நிரலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இழுத்துவிட முடியாது. ஆடுபவரின் கண்ணும் கையும் எதை நம்பிப் பழகின என்று பார்த்தே, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அதை வரைய வேண்டியிருக்கிறது.

எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும்படி எழுதப்பட்ட மென்பொருள், இப்பணியைப் பொறுமையோடு செய்கிறது. பழைய நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றுக்கு 8080 செயலி எடுத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அறுபதில் ஒரு நொடிக்குரிய வேலையை இமைப்பொழுதில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் காத்திருக்கிறது. பல்லாயிரம் மடங்கு ஆற்றல் பெற்ற புதிய உடல் பழையதன் வேகத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும் இந்தக் காத்திருப்பில்தான் விளையாட்டு மீண்டும் நிகழ்கிறது. வண்ணத்தாளும் மறக்கப்படவில்லை. அதன் பட்டைகள் திரையில் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே அதே நிறம் பூசப்படுவதால், அடியிலிருந்து பச்சையாகப் புறப்படும் குண்டு நடுவெளியில் வெண்மையாகி, உச்சியை நெருங்குகையில் இன்றும் சிவக்கிறது.