பாதிப் பங்கும் பிறந்த வீடும்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடம் புன்னைக்காயல், நம்மவர் ஊர். அதற்குச் சற்றுத் தெற்கே, இஸ்லாமியர் மிகுந்து வாழும் காயல்பட்டினம். அங்கே மணமான மகள் பிறந்தகத்தை விட்டுப் பிரிவதில்லை. மருமகனே பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு மகளுக்கு உரியதாகிறது.

திருக்குர்ஆனின் நான்காம் அதிகாரத்துக்குப் 'பெண்கள்' என்றே பெயர். மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று அது வகுக்கிறது. இதைக் கேட்டு நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. இஸ்லாமிய அறிஞர் தரும் விளக்கம் வேறு: இறைவன் திருமுன் இருவரும் சமம், சுமையே வேறு. மஹர் தருபவன் ஆண். குடும்பத்தைத் தாங்கும் கடனும் அவனுடையதே. மனைவியின் பொருள் அவளுக்கே உரியது. அதை அடுப்புக்குச் செலவிடும் கடமை அவளுக்கில்லை.

இவ்வாதத்தை எளிதில் தள்ள என்னால் இயலவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988-இல் பெண்ணின் மாண்பு குறித்து வரைந்த திருமடலும், மாண்பில் சமம், அழைப்பில் வேறுபாடு என்ற தடத்திலேயே செல்கிறது. ஆண்களுக்கு மட்டுமே குருத்துவம் வழங்கும் திருச்சபையின் பீடத்தில் நின்றுகொண்டு அயலாரைப் பழிக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

ஆயினும், கடமையின் பெயரால் வந்த வேறுபாட்டுக்குக் கடமை நிறைவேறும் வரையே நியாயம் உண்டு. மஹரைச் சிறு தொகையாக எழுதிவிட்டுக் கைக்கூலியைப் பெருந்தொகையாக வாங்கும் வழக்கத்தை முஸ்லிம் சான்றோரே கண்டித்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டியவன் வாங்கத் தொடங்கியபின் இரு பங்குக்கு ஏது காரணம்? காயல் வழக்கத்திலும் இடர் இல்லாமலில்லை. பெண்மக்கள் பலரைப் பெற்றவர் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு தேடியாக வேண்டும்.

நம் கணக்கோ இதைவிடப் பொல்லாதது. தந்தை உயில் எழுதாது இறந்தால், மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். குர்ஆன் ஏழாம் நூற்றாண்டிலேயே தந்த பாதிகூட இல்லை! மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல்தான் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் 1951-இலேயே வழக்கிழந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது.

நெல்லைச் சீமையில் நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மகனும் மகளும் சரிசமம். ஆனால் தந்தையின் நினைவுத் திருப்பலி முடிந்த கையோடு, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட உடன்பிறந்தாளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் ஆண்மக்களை நான் கண்டிருக்கிறேன். "கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே" என்பது அவர்கள் நியாயம். அப்படிப் புறப்பட்ட ஒருத்தி கோயில் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "கையெழுத்துப் போடலன்னா பெறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும், சாமி."

சாட்சியாகக் கையொப்பமிட என்னையும் அழைத்தார்கள். நானும் சென்று இட்டேன்.