செஞ்சோறு யாருடையது?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் ஹெய்லி வான் லித் ஐந்து ஆண்டுகள் ஆடினார். முதல் மூன்று ஆண்டுகள் லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு. 2023இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஐந்து ஆண்டும் அவர் ஆடிய அணி தேசியப் போட்டித்தொடரின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. பெண்கள் ஆட்டத்தில் மூன்று வெவ்வேறு கல்லூரிகளோடு அந்தக் கட்டத்தை எட்டியவர் அவருக்கு முன் எவருமில்லை. இதைத் திறமைக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. சோறு போட்ட வீட்டை இருமுறை விட்டுப் போனவர் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

முன்பெல்லாம் இந்த வழக்கை விதியே தீர்த்துவைத்தது. கூடைப்பந்து வீராங்கனை கல்லூரி மாறினால், புதிய இடத்தில் ஓராண்டு பயிற்சி மட்டும்தான். போட்டியில் இறங்க முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பதிவேட்டைத் திறந்தது. அதில் பெயர் ஏறிவிட்டால் மற்றக் கல்லூரிகள் அவரிடம் பேசலாம். பழைய பயிற்சியாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல், ஒருமுறை மாறினால் ஓராண்டுக் காத்திருப்பு கிடையாது என்றானது. நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் இருந்தவரை விசுவாசி என்று பாராட்டுவதில் பொருளில்லை. பூட்டைக் கழற்றிய பிறகுதான் போவதும் இருப்பதும் மனசாட்சியின் பொறுப்பாகின்றன.

போகக் கூடாது என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பள்ளிப் பருவத்திலேயே ஒரு பெண்ணைக் கண்டெடுத்து, பெற்றோரிடம் பேசி, படிப்புச் செலவை ஏற்று, தடுமாறிய முதல் ஆண்டில் பொறுமை காத்து ஆளாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் கனிந்த நேரத்தில் அவர் வேறு சீருடை அணிந்தால் அவர்கள் மனம் நோகும். தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். கர்ணன் தோற்கும் பக்கம் என்று தெரிந்தே நின்றான்; கும்பகர்ணனும் அப்படியே. அவர்களை நம் பட்டிமன்றங்கள் இன்னும் கண்ணீரோடுதான் பேசுகின்றன.

ஆனால் கர்ணனுக்குக் கிடைத்தது ஒரு நாடு. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று துரியோதனன் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகையோ நெடுங்காலம் ஓராண்டுத் தாளாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தர 2012இல்தான் வழி பிறந்தது. ஆட்டம் சரியில்லை என்று உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்ற விதி பெரிய கல்லூரிகளுக்கு 2015இல்தான் வந்தது. பயிற்சியாளருக்கு இப்படி எந்தத் தளையும் இருந்ததில்லை. கிம் மல்கி பெய்லர் பல்கலைக்கழகத்தில் 21 ஆண்டுகள் பணியாற்றி மூன்று தேசியப் பட்டங்கள் வென்று, 2021 ஏப்ரலில் லூசியானாவுக்குப் போனார். அவர் போனது தவறில்லை. ஆனால் அவரை ஓராண்டு வெளியே உட்காரச் சொல்ல எந்த விதியும் இல்லை. அவரை நம்பிச் சேர்ந்த மாணவிகள் மட்டும் அதுவரை அந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் சுமக்கும் விசுவாசத்தைக் கடன் என்று சொல்வதே பிழை.

பணத்துக்காகப் போகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம். அதைப் பேராசை என்று சொல்லும் முன் பெண்களின் நிலையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீராங்கனை தொழில்முறை லீக்கில் சேர, பொதுவாக 22 வயது நிறைய வேண்டும் அல்லது பட்டப்படிப்பு முடிந்திருக்க வேண்டும். ஆண்களைப் போல 19 வயதில் போக முடியாது. 2025இல் அந்த லீக்குக்கு முதலாவதாகத் தேர்வானவருக்கே அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தொடவில்லை. பலருக்கு நல்ல வருமானம் தரும் காலமே கல்லூரிக் காலமாக இருக்கலாம். முழங்கால் ஒருமுறை பிசகினால் அதுவும் போய்விடும். உழைப்புக்கு உரிய விலை கேட்பதில் இழுக்கில்லை.

அப்படியானால் மாறிப்போகும் வீராங்கனைக்கு எந்தக் கடனும் இல்லையா? இருக்கிறது. அது நிர்வாகத்துக்கு அல்ல, தோழிகளுக்கு. கூடைப்பந்து அணி சிறியது. வான் லித் சேர்வதற்கு முந்தைய பருவத்தில், 2024 ஜனவரியில், காயங்களால் ஆளில்லாமல் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி இரண்டு ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்தது. பிறகு சக மாணவிகளுக்குத் தேர்வு வைத்து ஆள் சேர்த்தது. ஓர் இடம் காலியானாலும் எத்தனை பேரை அது தொடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். போட்டித்தொடர் முடியும் முன்பே, 2025 மார்ச் மாதக் கடைசியில், போர்ட்டலைத் திறந்து வைத்த அமைப்பும் இந்தப் பழியில் பங்கு ஏற்க வேண்டும்.

வருகிறவருக்காக ஒதுங்கும் ஒருத்தியும் உண்டு. புகழ்பெற்ற வீராங்கனை வந்தவுடன் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளப்படும் இரண்டாம் ஆண்டு மாணவியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவளும் மாற நினைக்கலாம்; ஆனால் போர்ட்டலில் பெயர் கொடுத்தவரின் உதவித்தொகையை அந்தக் கல்விப் பருவத்தோடு கல்லூரி நிறுத்திவிடலாம்; வேறு இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. படிப்பும் பாதிக்கப்படும். தொடர்ந்து ஆட, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 சதவீதம் முடித்திருக்க வேண்டும். பழைய கல்லூரியின் பாடங்கள் எல்லாம் புதிய பட்டத்தில் கணக்கில் வருவதில்லை. இதை மாணவிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமல் அழைக்கும் பயிற்சியாளர்தான் அறம் பிறழ்கிறார்.

இருந்து வென்றவர்களும் உண்டு. பெய்ஜ் பெக்கர்ஸ் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். முழங்கால் காயத்தால் ஒரு முழுப் பருவத்தை இழந்தும் மாறவில்லை. 2025 ஏப்ரலில் தேசியப் பட்டம் வென்றார். அது போற்றத்தக்கது. ஆனால் அவரை உதாரணம் காட்டி மற்றவர்களை அடிப்பது முறையல்ல. நல்ல வீடு வாய்த்தவர் இருப்பதும், வாய்க்காதவர் தேடுவதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

அதனால், போனாரா என்பதைவிட எப்படிப் போனார் என்பதையே கேட்க வேண்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் வரை முழு மனத்தோடு ஆடினாரா? பதிவேட்டில் பெயர் ஏறும் முன் பயிற்சியாளரிடமும் தோழிகளிடமும் நேரில் சொன்னாரா? தன்னை நம்பிச் சேர்ந்த இளையவளிடம் ஒரு வார்த்தை பேசினாரா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தவர் நன்றி கொன்றவர் அல்ல. அவர் உண்ட சோறு அவரது உழைப்பில் விளைந்தது. நிரம்பிய அரங்குகளின் டிக்கெட் பணம் அதற்குக் கணக்குச் சொல்லும்.